மதகுத் தேர்வு

எபநேசர் அன்று காலையும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினார். வாங்கி முடித்ததும் எழுந்து போய், வாசலில் கிடந்த தன் செருப்புகளை எடுத்துத் துண்டால் துடைத்து, ஃபிரிட்ஜுக்குள் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

சுகிர்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னங்க செய்யுதீங்க?"

"வெயில் ஏறுதுல்லா. வெளிய கெடந்தா கெட்டுப் போயிரும்" என்றார் அவர், அவ்வளவு அக்கறையாக.

செருப்புகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அவள் ஃபிரிட்ஜைத் துடைத்தாள். மேசையில் இருந்த கருவியின் திரையில் இன்னும் பச்சை எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. 'மிகச் சிறப்பு! மதகு மேலும் விரிக்கப்படுகிறது.' தொண்ணூற்றெட்டு வாங்குகிறவருக்குப் புத்தி எப்படிக் குழம்பியிருக்கும், ஏதோ ஞாபகமறதி என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவள். மார்க்கை நம்பாவிட்டால் வேறு எதைத்தான் நம்புவாள்?

அவள் டியூஷனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. பத்து வருடத்து வினாத்தாள்களைப் பிரித்து மேய்ந்து, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடித்து, பக்கத்தில் நட்சத்திரம் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து கொடுத்துவிடுவாள். பெருக்கல் வாய்ப்பாடே தகராறாக இருக்கிற பிள்ளைகூட வகைநுண்கணிதத்தில் பாஸாகிவிடும். "புரியலையே டீச்சர்" என்று யாராவது முகத்தைத் தூக்கினால், "புரியுதது அப்புறம் புரியட்டும், மொதல்ல மார்க்க வாங்கு" என்பாள். அவள் பேச்சைக் கேட்டு யாரும் கெட்டுப்போனதில்லை. அதுவரைக்கும்.

எபநேசர் நில அளவைத் துறையில் சர்வேயர். ஒரு வருடத்துக்கு முன் ஒரு நாள், வயல் வரப்பில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே குனிந்து ரத்தமாக வாந்தி எடுத்தார். கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டது என்றார்கள். ஆலயத்தில் இரண்டு வாரம் எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். திருவிருந்துக் கிண்ணத்துத் திராட்சை ரசத்தில் உதட்டை நனைத்ததைத் தவிர அந்த மனுஷன் குடித்ததே கிடையாது. எந்தக் காலத்திலோ எந்த ஊசியிலோ புகுந்த மஞ்சள்காமாலைக் கிருமி, முப்பது வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருந்து வேலை பார்த்திருக்கிறது. இதை எத்தனை பேரிடம் விளக்கிக்கொண்டிருப்பது? சுகிர்தா விளக்குவதை விட்டுவிட்டாள்.

டாக்டர் மெஹருன்னிசாதான் அப்போது படம் போட்டுக் காட்டினார்.

"வயித்துலேர்ந்தும் குடல்லேர்ந்தும் வர்ற ரத்தம் பூரா கல்லீரலுக்குள்ள போய், சுத்தமாகித்தான் வெளிய வரணும். இவருக்குக் கல்லீரல் கல்லாட்டம் இறுகிப்போச்சு. ரத்தம் சும்மா நிக்குமா? குறுக்கு வழி தேடுது. உணவுக்குழாய்ல இருக்கற சின்னச் சின்ன ரத்தக் குழாயில எல்லாம் புகுந்து, அதுங்க வீங்கி வெடிக்குது."

"வாய்க்கால்ல அடைப்பு விழுந்தா வரப்ப ஒடச்சிக்கிட்டுப் பக்கத்து வயல்ல பாயும்" என்றார் எபநேசர்.

"அதேதான் சார். அதனால கல்லீரலுக்கு நடுவுல நாங்களே ஒரு சின்னக் குழாயை வச்சு ரத்தத்துக்கு வழி விட்டுடறோம். அழுத்தம் குறைஞ்சிடும். வெடிக்காது."

"அப்ப சுத்தமாகாத ரத்தம்லா போகும்?"

டாக்டர் அவரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். "ஆமா. நேரா மூளைக்குப் போகும். அதுல இருக்கற அழுக்கு புத்தியை மந்தமாக்கிடும். ரொம்ப வழி விட்டா புத்தி போகுது, ரொம்ப அடைச்சா ரத்தம் வருது. அதுக்குத்தான் இப்ப இந்த மதகு வந்திருக்கு. குழாய்க்குள்ளேயே தானா விரிஞ்சு சுருங்கற கதவு. தெளிவா இருக்கற வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா விரியும். குழப்பம் ஆரம்பிச்சா சுருங்கும்."

"நான் குழம்பிட்டேன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"ரத்தத்துல அம்மோனியாவை அளந்து பாக்கலாம். ஆனா அதை நம்ப முடியாது. நிறைய இருந்தும் சிலர் தெளிவா இருப்பாங்க. ஒரு மனுஷன் தெளிவா இருக்கானான்னு அந்த மனுஷன்கிட்டதான் கேக்கணும்."

அப்படி வந்ததுதான் காலை ஏழு மணித் தேர்வு. திரையில் எண் போட்ட இருபத்தைந்து வட்டங்கள் சிதறிக் கிடக்கும். ஒன்றிலிருந்து இருபத்தைந்துவரை வரிசையாக விரலால் கோடு இழுத்துச் சேர்க்க வேண்டும். பிறகு ஐந்து கேள்விகள். இன்று என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு பெண் குரல், "உங்கள் பக்கத்தில் இருப்பவர் யார்?" என்று முடிக்கும். கிடைக்கிற மார்க்கை வைத்து மதகு தன் வாயைத் திருத்திக்கொள்ளும்.

முதல் நாள் ஐந்தாவது கேள்விக்கு எபநேசர் சுகிர்தாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "என் ஹெட்மாஸ்டர்" என்றார். கல்யாணமான வருடத்திலிருந்து அவர் அவளுக்கு வைத்திருந்த பெயர் அது. கருவிக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. தப்பு என்று சிவப்பில் காட்டியது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மூன்றாவது வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வட்டங்களைச் சேர்க்கும்போது பதினொன்றிலிருந்து பதினாறுக்குத் தாவினார். வாழ்நாள் முழுக்க எல்லைக்கல்லுக்கும் எல்லைக்கல்லுக்கும் கோடு போட்ட கை, அந்த விளையாட்டுப் படத்தில் வழி தெரியாமல் நின்றது. நாற்பத்தொன்று. கருவி மணியடித்தது. 'தேர்ச்சி இல்லை. மதகு சுருக்கப்படுகிறது.' ஃபெயிலான பிள்ளைபோல அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று நாளில் புத்தி தெளிந்தது. நான்காம் நாள் காலை இட்லித் தட்டின்மேல் ரத்தம் கொட்டியது.

பெரியாஸ்பத்திரிக்குப் போய், உள்ளே குழாய் விட்டு, வெடித்த இடத்துக்கு ரப்பர் வளையம் போட்டு அவரைத் திருப்பிக் கொடுத்தார்கள். தட்டையும் மேசைவிரிப்பையும் கழுவிக்கொண்டே சுகிர்தா மனசுக்குள் கணக்குப் போட்டாள். மார்க் குறைந்தது, மதகு சுருங்கியது, ரத்தம் வந்தது. ஆகவே மார்க் குறையக் கூடாது. இதில் எந்தப் பிழையும் அவளுக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் எனக்கும்கூட அந்த இடத்தில் தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து அவள் தேர்வைக் கவனிக்க ஆரம்பித்தாள். தினமும் வட்டங்களைப் படம் எடுத்து வைத்தாள். இரண்டு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. புதிதுபோலத் தெரிந்தாலும் மொத்தமே முப்பத்தாறு படங்கள்தான் மாறி மாறி வந்தன. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முப்பத்தாறையும் பிரிண்ட் எடுத்தாள். அடிக்கடி வருவதற்கு நட்சத்திரம் போட்டாள். ஸ்பைரல் பைண்டிங் செய்தாள்.

"சுகிர்தா, இது கள்ளத்தனம்லா?" என்று கேட்டார் எபநேசர். அப்போது அவருக்கு இன்னும் நன்றாகவே கேட்கத் தெரிந்தது.

"என்ன கள்ளத்தனம்? படிச்சிட்டுப் போயி எழுதுதது கள்ளத்தனமா? விரல வைங்க. ஒண்ணு மேல, ரெண்டு எடது பக்கம்..."

காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். கண் பார்க்கும் முன்னே விரல் ஓடும் அளவுக்குப் பழக்கினாள். கிழமையை ஆறு ஐம்பத்தைந்துக்கு ஒருமுறை காதில் போட்டுவிடுவாள். ஐந்தாவது கேள்வியில்தான் அவர் அடம்பிடித்தார். ஹெட்மாஸ்டர் என்றே சொன்னார்.

"அதுக்கு மார்க் கெடயாதுங்க. 'என் மனைவி சுகிர்தா.' இதான் சரியான விடை. எங்க, சொல்லுங்க."

"என் மனைவி சுகிர்தா."

"இன்னொரு தடவ."

"என் மனைவி சுகிர்தா."

மார்க் ஏறியது. எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றேழு. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. சுகிர்தா ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று சாட்சி சொன்னாள். செருப்பு ஃபிரிட்ஜுக்குப் போனது அதற்கப்புறம்தான். பிறகு அவர் பகல் முழுக்கத் தூங்கினார். சட்டையின் பொத்தானைப் போடத் தெரியாமல் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நூற்றுக்கு நூறு வாங்கிய அரைமணி நேரத்தில் ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், அடுத்த தெரு முக்கில் கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவருடைய காம்பவுண்டுச் சுவரை அளந்துகொண்டிருந்தார். வேட்டி இடுப்பில் இல்லை. அந்த வீட்டுக்காரர் நல்ல மனுஷன், தன் துண்டைக் கொடுத்து அவரைச் சுற்றிவிட்டிருந்தார்.

அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

மெஹருன்னிசா முதலில் திரையைத்தான் பார்த்தார். "ரிப்போர்ட் பிரமாதமா இருக்கே. நாலு மாசமா சராசரி தொண்ணூத்தாறு." பிறகு எபநேசரைப் பார்த்தார். "சார், ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. போற வண்டியை நிறுத்தற மாதிரி."

அவர் நீட்டினார். விரித்த கை இரண்டும் நிற்காமல், மணிக்கட்டில் துவண்டு துவண்டு விழுந்து எழுந்தன. டாக்டரின் முகம் மாறிவிட்டது. கருவி கம்பெனியின் பொறியாளர் கதிரேசனைத் திரையில் கூப்பிட்டார்.

கதிரேசன் பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "மேடம், கருவியில ஒண்ணும் கோளாறு இல்ல. ஆனா ஒண்ணு இடிக்குது. இருபத்தஞ்சு வட்டத்தையும் இவர் பதினேழு செகண்ட்ல சேர்க்கிறார். எனக்கே முப்பது ஆகும்."

அப்போதுதான் சுகிர்தா பையைத் திறந்தாள். அவளுக்கு அதில் கூச்சமே இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஸ்பைரல் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எல்லாம் இதுல இருக்கு டாக்டர். முப்பத்தாறு படமும் வரிசையாப் போட்டிருக்கேன். மத்த பேஷண்டுக்கும் ஒதவும்னா ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க."

டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார். நட்சத்திரங்களைப் பார்த்தார். கதிரேசன்தான் திரையில் மெதுவாகச் சொன்னான்.

"பதினாறு நாட்டுல இந்த மதகு ஓடுதும்மா. இதுக்கு யாரும் உக்காந்து படிப்பாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

"ஃபெயிலானா மதக அடைக்குது, ரெத்தம் வருது" என்றாள் சுகிர்தா. "நான் வேற என்ன செய்ய?"

மெஹருன்னிசா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டீச்சர், நீங்க வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு மார்க்கும் மதகுகிட்ட என்ன சொல்லிச்சு தெரியுமா? இவர் தெளிவா இருக்கார், இன்னும் கொஞ்சம் திறன்னு சொல்லிச்சு. அதுவும் திறந்துகிட்டே போயிருக்கு. இப்ப முழுசாத் திறந்து கிடக்கு. கல்லீரலுக்குள்ள ரத்தமே போகல. மிச்சமிருந்த கொஞ்சமும் பட்டினி கிடந்து செத்துக்கிட்டு இருக்கு. மொத்த ரத்தமும் அப்படியே மூளைக்குப் போகுது."

"சரி, அடச்சிருங்க" என்றாள் சுகிர்தா.

"நாலு மாசத்துக்கு முன்னாடின்னா ஒரு நொடியில செஞ்சிருப்பேன். இப்ப கல்லீரல் இருக்கற நிலைமையில ரத்தம் உறையவே உறையாது. அடைச்சு, வெடிச்சா, நிறுத்தறது கஷ்டம்."

மாற்றுக் கல்லீரல் பட்டியலில் எபநேசர் இருநூற்றுப் பதினேழாவது ஆள். சுகிர்தா தன்னுடையதில் பாதியைக் கொடுக்கிறேன் என்று ஆரம்பத்திலேயே கேட்டுப் பார்த்தாகிவிட்டது. அதில் கொழுப்பு ஏறியிருக்கிறது, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. ஆகவே இருந்தது ஒரு மதகும் இரண்டு வழிகளும்தான். வார்டில் சேர்த்து, பக்கத்திலேயே ஆளைப் போட்டுவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் மதியம் எபநேசர் கண்ணைத் திறந்து, மின்விசிறியைப் பார்த்து, சுவரைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்தார்.

"ஏளா ஹெட்மாஸ்டர், சாப்பிட்டியா?"

சுகிர்தா அழுதுவிட்டாள். நான்கு மாதமாக அவள் ஒரு சரியான விடையோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பு, வேட்டி, மார்க், டாக்டர் சொன்னது, ஒன்றுவிடாமல்.

அவர் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "ஒம்பதாவது படத்துல பதிமூணுலேருந்து பதினாலுக்குக் கோட்டத் தப்பாப் போட்டிருக்க. பதினேழாம் நம்பருக்கு மேல ஏறிப் போவுது" என்றார். சர்வேயர் புத்தி. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"இந்த நாலு மாசம் எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லட்டா?" என்றார் அவர். "எல்லைக்கல்லு எதையும் காணல. எங்க எது முடியுதுன்னே தெரியல. நீ பேசுதது கேக்கும், யாரு பேசுதான்னு தெரியாது. பயமா இருக்கும், எதுக்குப் பயம்னும் தெரியாது. சுகிர்தா, இனிமே தொறக்க விடாத. ரெத்தம் வந்தா வரட்டும். இருக்கிற வரைக்கும் நானா இருந்துக்கிடுதேன்."

"அப்பிடிச் சொல்லாதீங்க."

"நாலு மணிக்கு டாக்டர் வாராங்கல்லா? நானே சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துருதேன். நீ மறுக்காப் படிச்சுப் பாத்து மார்க் போடு."

மூன்றரைக்கே ரத்தம் வந்துவிட்டது. தலையணை, போர்வை, அவள் புடவை, ஸ்பைரல் புத்தகத்தின் மேலட்டை, எல்லாம் சிவப்பு. ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ அவளைச் சுவரோரமாகத் தள்ளினார்கள். மெஹருன்னிசா கையுறையை மாட்டிக்கொண்டே கத்தினார்.

"டீச்சர், மதகை முழுசாத் திறந்தாத்தான் நிக்கும். திறந்தா இனிமே அடைக்கவே முடியாது. தெளிவா இருந்தாரே, உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

எபநேசர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய ரத்தம், பேச முடியவில்லை. கண்ணில் ஒரு குழப்பமும் இல்லை. அவளுக்கு விடை தெரியும். அரைமணி நேரத்துக்கு முன்னால், தப்பே இல்லாமல், அவர் வாயாலேயே கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள் சுகிர்தா. "தொறந்துருங்க."

ரத்தம் நின்றது. பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள்.

கதிரேசனின் கம்பெனி கேள்விகளை மாற்றிவிட்டது. இனிமேல் படங்கள் திரும்ப வராது, ஒவ்வொரு நாளும் புதிது. எபநேசருடைய மதகுக்கு அதெல்லாம் தேவையில்லை, அது திறந்தது திறந்தபடி நிற்கிறது. இருந்தாலும் பதிவுக்காகக் கருவியை எடுக்காமல் விட்டிருந்தார்கள். சுகிர்தா அவருக்கு எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. டியூஷனையும் மூடிவிட்டாள்.

ஏழு மணிக்குத் திரை விழித்தது. வட்டங்கள் வந்தன. எபநேசர் விரலை ஒன்றில் வைத்துவிட்டு, அங்கேயே விட்டுவிட்டார். கிழமை கேட்டதற்குப் பதில் இல்லை. ஊர் கேட்டதற்கும் இல்லை. அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்கள் பக்கத்தில் இருப்பவர் யார்?"

"என் மனைவி சுகிர்தா" என்றார் எபநேசர், பளிச்சென்று. திரையில் பச்சை விழுந்தது.

சுகிர்தா நாற்காலியை நகர்த்தி அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அது அந்த மெஷினுக்கு. எனக்குச் சொல்லுங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. யாருங்க நான்?"

அவர் நன்றாகத்தான் பார்த்தார். நெற்றி சுருங்கியது. உதடு ஏதோ ஒரு சொல்லைத் தேடுவதுபோல அசைந்தது. அந்தத் தப்பான விடைக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என் மனைவி சுகிர்தா" என்றார் அவர், முதல் தடவையைவிடக் கொஞ்சம் சத்தமாக. சொல்லிவிட்டு, சரிதானா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.